நிக்குது என்று நான் சொன்ன விளக்கு

1

போன கிழமை எங்கள் காரின் எஞ்சின் ஒரு பொறாமைக்காரனின் கையால் சாகப் பார்த்தது. அந்தப் பொறாமைக்காரன் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவன்தான்.

அங்கே ஊரில் நீங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையிலும், சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னாலும் நிற்கிற நேரத்தில், இங்கே ஒருவன் காரில் எரிந்த சுண்டுவிரல் நகமளவு விளக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று தோன்றும். தோன்றட்டும். முழுவதையும் வாசித்தால் ‘இந்த ஆளுக்கு இது வேணும்’ என்று சொல்லிச் சிரிக்கலாம். ஊரில் இப்போது சிரிப்புக்கும் தட்டுப்பாடு என்று கேள்வி. என் பங்குக்கு இதை அனுப்புகிறேன்.

கனடாவில் இது எங்களுக்கு ஏழாவது குளிர்காலம். காருக்கு எங்களோடு மூன்றாவது. அதன் திறப்பைத் திருப்பியதும் முன்தட்டில் நிறையப் படங்கள் எரியும். அதில் ஒன்று மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு. எஞ்சின் பிடித்ததும், ஒன்று இரண்டு என்று எண்ணி முடிக்குமுன், அது போய்விடும். இரண்டு குளிர்காலம் அப்படி ஒழுங்காகப் போய்வந்ததால் அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. தொல்லை தராத சொந்தக்காரரைப் போல.

இலையுதிர் காலத்தில் எஞ்சின் ஒயிலை நானே மாற்றினேன். கடையில் வாசலோரம் கோடையில் விற்காத ஒயில் போத்தல்களை மலிவாகக் குவித்திருந்தார்கள். ஒரு போத்தலைச் சரித்துப் பார்த்தேன். உள்ளே மெல்ல நகர்ந்தது. எனக்கு நல்ல சந்தோஷம். நான் மட்டக்களப்பான், தயிர்ச்சட்டியைச் சரித்தால் தயிர் அசையக்கூடாது, அதுதான் நல்ல தயிர் என்று தெரிந்தவன். ஒயிலுக்கும் அதே சோதனை போதும் என்று முடிவு செய்தேன். போத்தலில் இருபது, ஐம்பது என்று இரண்டு எண்கள் இருந்தன. மற்றப் போத்தல்களில் ஐந்து, முப்பது. ஐம்பது முப்பதைவிடப் பெரியது. இந்தக் கணக்குக்கு எவனையும் கேட்கத் தேவையில்லை.

போன திங்கட்கிழமை விடிய முதல் பெரிய குளிர் வந்தது. மனைவி யோகம் பக்கத்தில் இருந்தாள். எஞ்சின் பிடித்தது. குவளை போகவில்லை. நான் எண்ணினேன். பதினொன்றில் போனது.

“என்ன அது, சிவப்பா?” என்றாள்.

“ஒண்டுமில்ல. குளிருக்கு அதுவும் கொஞ்சம் படுத்துக் கிடக்குது.”

“குணம் மச்சானிட்டக் கேட்டுப் பாருங்களன்.”

பதினொரு செக்கனில் அணைந்த விளக்கு எனக்கு நெஞ்சுக்குள் எரியத் தொடங்கியது அந்த நேரத்தில்தான்.

2

குணம் யோகத்தின் தாய்மாமன் மகன். குணராசா முழுப்பெயர். ஆரையம்பதியில் அவர்கள் இரண்டு வளவு தள்ளி வளர்ந்தவர்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகன் என்றால் என்ன முறை, அவனுக்கு என்ன உரிமை என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவனுக்கும் அவளுக்கும் கலியாணப் பேச்சு நடந்ததா என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு பேச்சும் இல்ல” என்றாள். எனக்கு அதுதான் பயம். பேசாமலே முடியக்கூடிய முறை அது.

நான் பட்டணத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கோப்பு எழுதுகிற இலிகிதர் என்ற பெயர் என்னைக் கரை சேர்த்தது. கலியாணம் முடித்து, நம் வழக்கப்படி பெண்வீட்டில், ஆரையம்பதியிலேயே குடியேறினேன். அதனால் விடியப் பல்லுத் தீட்டும்போது கூட வேலிக்கு மேலால் குணத்தின் தலை தெரியும். அவன் ஓட்டமாவடியில் காக்கா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கராஜில் தொழில் பழகி, ஊரில் பழைய கார் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தான். இப்போது மொன்றியாலில் ஒரு கராஜில் வேலை. நாங்கள் இருக்கிற சிறுநகரத்திலிருந்து பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். ஐயாயிரம் மைல் என்றால் எனக்கு இன்னும் வசதி.

இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று நான் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. பதில் சொல்லிவிட்டான் என்றால் என்ன செய்வது?

என் மகள் நிலானிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் அவனோடு தொலைபேசியில் கதைக்கும்போது, “அப்பா, இவர நான் என்னெண்டு கூப்பிடுற?” என்று கேட்டாள். தாயின் மச்சான் என்றால் பிள்ளைக்கு என்ன முறை? சித்தப்பா. சித்தப்பா என்றால் சின்ன அப்பா. வீட்டில் ஒரு அப்பா போதும்.

“அங்கிள் எண்டு சொல்லு, காணும்” என்றேன்.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் முறைப்பெயர்களை மறந்து எல்லாரையும் அங்கிள், அன்ரி ஆக்கிவிட்டார்கள் என்று இதே பத்திரிகையில் நான் கண்ணீர் வடித்து எழுதிய கட்டுரையைச் சிலர் வெட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை எறிந்துவிடுங்கள்.

3

கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அதைச் சொல்லிவிட்டால்தான் மிச்சம் விளங்கும்.

யோகம் இந்த வருடம் ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். ஆறு வருடம் ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிய பிறகு, இரண்டு தரம் மொழிப் பரீட்சையில் தவறி, மூன்றாம் தரம் கிடைத்த இடம். செய்முறைப் பயிற்சி போன திங்கட்கிழமைதான் ஆரம்பம். விடிய ஆறு மணிக்கு. எங்கள் தெருவுக்கு முதல் பஸ் ஆறு இருபதுக்கு. படிப்பு அலுவலகம் ஒரு கடிதம் தந்திருந்தது: பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் மட்டும் வராமல் இருக்கலாம், பிந்தி வந்தாலும் வராத கணக்குத்தான், இரண்டாம் நாள் வராவிட்டால் பெயர் வெட்டப்படும், மறுபடி அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்தை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள், அடையாள அட்டையை ஊரில் வைத்திருந்த மாதிரி.

ஆகவே கார் ஓடவேண்டும். நான் விடிய அவளை இறக்கிவிட்டு, பாண் தொழிற்சாலையில் என் வேலைக்குப் போகவேண்டும்.

குணத்திடம் கேட்கமாட்டேன் என்ற வைராக்கியத்தில் அன்று பின்னேரமே ஒரு கராஜுக்குப் போனேன். மேசையில் இருந்தவரிடம் என் ஆங்கிலத்தை எடுத்து விட்டேன். விளக்கு அணையவில்லை என்று சொல்ல வேண்டும், அதற்குரிய ஆங்கிலச் சொல் வரவில்லை. “மோர்னிங், நொட் ஸ்டொப்பிங்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நொட் ஸ்டொப்பிங்?”

“நொட் ஸ்டொப்பிங். கோல்ட் டைம். வைஃப் ஓல்சோ வெரி ஃபியர்.”

அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. உடனே காரை உள்ளே எடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, பிரேக் நான்கு சில்லிலும் நன்றாக இருக்கிறது, பயப்படாமல் போ என்றார். நான் சொன்னது விளக்கை, காரை இல்லை என்று விளக்கிச் சொல்லுகிற அளவுக்கு என்னிடம் ஆங்கிலமும் இல்லை, மானமும் இல்லை. நன்றி சொல்லி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிய குவளை பதினைந்து வரை எரிந்தது. எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுகிற மாதிரிச் சத்தம். பின்னேரம் நிலானியைப் பிடித்து, காரோடு வந்த புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். அவள் ஒரு காலை ஆட்டிக்கொண்டு, எனக்கு ஒரு வாரம் எடுக்கிற பக்கத்தை அரை நிமிடத்தில் வாசித்தாள்.

“இது ஒயில் எவ்வளவு இருக்கெண்டு காட்டுற லைட் இல்ல அப்பா. பிரஷர். உள்ளுக்க ஒயில் தள்ளுப்படுதா எண்டு பாக்கிற. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு செக்கனுக்குள்ள ஓஃப் ஆகாட்டி எஞ்சின நிப்பாட்டட்டாம். ஓடவே கூடாதாம். கறுப்பா, பெரிசா போட்டிருக்கு.”

“சரி. விளங்குது.”

“விளங்கினதா? திருப்பிச் சொல்லுங்க.”

பிள்ளைகள் நம்மைவிட்டுத் தூரம் போகிறார்கள் என்று எழுதுவார்கள். என்னுடையது தூரம் போய் ஆசிரியையாகத் திரும்பி வந்திருந்தது. திருப்பிச் சொன்னேன்: நிப்பாட்டவேணும், ஓடக்கூடாது.

இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பின்னேரமே தெரியும்.

4

நான் புத்தகத்தை மூடி வைப்பதற்குள், யோகம் தொலைபேசியைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். மறுபக்கத்தில் குணம்.

“அண்ணே, எப்பிடி? யோகம் மச்சாள் சொன்னா, ஒயில் லைட் பிரச்சினையெண்டு.”

“சின்னப் பிரச்சினை.”

“ஸ்டார்ட் எடுத்தா லைட் நிக்குதா?”

“ஓம், நிக்குது.”

“வடிவாப் பாத்தீங்களா? நிக்குதுதானே?”

“எனக்குக் கண் இருக்குத்தானே குணம். நிக்குது, நிக்குது.”

“அப்ப பயமில்ல. குளிருக்குக் கொஞ்சம் சுணங்கும். ஓடுங்க.”

புத்தகம் ஓடாதே என்கிறது, பெரிய மெக்கானிக் ஓடு என்கிறான். ‘குணம், புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கே’ என்று ஒரு வசனம் சொன்னால் காரியம் முடிந்தது. அந்த வசனம் நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே இருந்துவிட்டது. அவன் பிழை விட்டுவிட்டான்! நான் கலியாணம் முடித்த பதின்மூன்று வருடத்தில் முதல் தரம்!

“என்னவாம்?” என்றாள் யோகம்.

“ஓடட்டாம். உன்ட மச்சான்தானே, அவருக்குத் தெரியாததா.”

என்னை மோசமான மனிதன் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகும் அப்படியே முடிவு கட்டலாம், பரவாயில்லை.

நிலானி பிறந்த நாள். அப்போது எனக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேலை. விடிய மண்முனைத் துறையால், பாதை என்று நாம் சொல்கிற ஆளேற்றும் படகில் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவேன். பின்னேரம் வீடு இருந்த எழுவான்கரைக்குத் திரும்புவேன். யோகத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அன்று பத்து மணிபோல வந்திறங்கிய படகுக்காரர் என்னைத் தேடி வந்தார். “தம்பி, உங்கட பொஞ்சாதிக்கு நோக்காடு. குணராசா கார்ல ஏத்திறான், கண்டிட்டுத்தான் வாறன். கெதியா வாங்க.” நான் செருப்பையும் விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். அதற்குள் அக்கரைப் பெருந்தெருவில் ஏதோ வெடித்துவிட்டது. ஆமிக்காரர் துறையை மூடிவிட்டார்கள். படகு இந்தக் கரையில், படகுக்காரர் இந்தக் கரையில், ஆனால் ஒருவரும் தண்ணியில் கால் வைக்கக்கூடாது.

வாவி அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். அக்கரையில் ஆடு மேய்ந்தாலும் தெரியும். நான் மத்தியானம் வரை நின்றேன், பின்னேரம் வரை நின்றேன். போனது அடுத்த நாள் மத்தியானம்.

அதற்கிடையில் குணம் மூன்று தடைமுகாமில் இறங்கிக் கையை உயர்த்தி, ஒரு இடத்தில் கெஞ்சி, ஒரு இடத்தில் அழுது, அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். அவனுடைய காரில் அந்த ஒயில் விளக்கே இல்லை. ‘லைட்டப் பாத்தா ஏறின சனம் பயப்பிடும்’ என்று பல்பைக் கழற்றி வைத்திருந்தான். காதால் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஓடுவான். பிள்ளை பிறந்ததும் தாதி துணியில் சுற்றிக்கொண்டு வந்து, “தகப்பன், இந்தாங்க பிடிங்க” என்று அவன் கையில் கொடுத்தாள். அவனும் வாங்கினான். வாங்காமல் என்ன செய்வான், நிலத்திலா விடுவான்?

இதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக. நன்றி சொல்லவேண்டிய ஆளின்மேல் பொறாமைப்படுகிறவனுக்கு எப்போதும் இரண்டு வேலை: பொறாமைப்படவும் வேண்டும், அதற்கு வெட்கப்படவும் வேண்டும். நான் இரண்டிலும் சோம்பல் இல்லாதவன்.

5

புதன் விடிய இருபது வரை எண்ணினேன். வியாழன் முப்பது. நான் நிற்பாட்டவில்லை, காத்திருக்கவுமில்லை. விளக்கோடேயே கியரைப் போட்டேன். என் திட்டம் எளிது: எஞ்சினில் சின்னதாக ஏதாவது நடக்கவேண்டும். பெரிதாக வேண்டாம். ஒரு புகை, ஒரு கெட்ட மணம், யோகம் ‘குணம் மச்சான் பிழையாச் சொல்லிட்டாரே’ என்று சொல்கிற அளவுக்கு. அவ்வளவும் கிடைத்தால், நானே பெருந்தன்மையோடு ‘பாவம், அவனும் மனிசன்தானே’ என்று சொல்லி முடிக்கலாம். அந்த வசனத்தைத் தொழிற்சாலையில் மாவு மூட்டைகளுக்கு முன் நின்று ஒத்திகை கூடப் பார்த்தேன்.

உண்மையில் எனக்கு உயிர் போகிற பயம். அந்தச் சத்தம் வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் கையுறைத் தையல் விட்டுவிட்டது. பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வருவதை நான் அதுவரை அனுபவித்ததில்லை. சின்னப் பிள்ளைகள் மற்றவனுடைய பட்டத்தின் நூலை அறுக்கும்போது வருவது அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மூக்கு மயிர் உறைகிற குளிர். விளக்கு போகவே இல்லை. நாங்கள் தெருவுக்கு ஏறியும் எரிந்தது.

“இன்னும் எரியுதே!” என்றாள்.

“உன்ட மச்சான்தானே ஓடச் சொன்னார்.”

ஆறாவது தெருவில் கரண்டிச் சத்தம் உரல் இடிக்கிற சத்தமாக மாறியது. நிறுத்தவேண்டும் என்று தலை சொல்கிறது, கால் கேட்கவில்லை. யோகம் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கார் உருண்டு, பூட்டியிருந்த ஒரு சப்பாத்துக்கடையின் முன்னால் நின்றது.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறுக்கு எட்டு நிமிடம். சுற்றிலும் ஒரு வாகனம் இல்லை. அவள் அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தேன். கையுறையைக் கழற்றி, கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து விரித்து, தெருவிளக்கில் மெல்ல வாசித்தாள். வேறு ஏதாவது அர்த்தம் வருகிறதா என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு மடித்து வைத்தாள்.

“ஒரு நாள் முடிஞ்சுது” என்றாள்.

என் வெற்றி இப்படித்தான் வந்து சேர்ந்தது. ‘பாவம், அவனும் மனிசன்தானே’ என்ற வசனத்தை நான் சொல்லவில்லை.

6

இழுவை வண்டி காரைக் குடியிருப்பின் தரிப்பிடத்தில் கொண்டுவந்து போட்டது. யோகம் தொலைபேசியில் என்ன சொன்னாளோ, சனிக்கிழமை மத்தியானம் குணம் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒரு கையில் ஸ்பானரும் குறடும் போட்ட ஆயுதப்பை, மறுகையில் ஒயில் வடிகட்டி, தோளில் நான்கு போத்தல் ஒயில். ஐந்து மணித்தியாலம் பயணம் செய்தவனுக்குத் தலைமயிர் கூடக் குலையவில்லை. இதையும் நான் கவனித்தேன்.

தரிப்பிடத்தில் கார் திருத்தக்கூடாது என்று அறிவித்தல் பலகை இருக்கிறது. யோகம் அதை மறைத்துக்கொண்டு நின்றாள். நிலானி டோர்ச் பிடித்தாள். குணம் மட்டையை விரித்துக் காருக்குக் கீழே போய் ஒயில் வடிக்கிற ஆணியைக் கழற்றினான். கீழே வைத்த தொட்டிக்குள் ஒயில் விழவில்லை. முழங்கால் வருத்தக்காரர் படி இறங்குகிற மாதிரி, யோசித்து யோசித்து வந்தது.

“அண்ணே, இது என்ன ஒயில்?”

“நல்ல தடிப்பான ஒயில்.”

“ஆருக்கு? கொக்கட்டிச்சோலை உழவு மெஷினுக்கா?” அவன் காருக்குக் கீழிருந்தே சிரித்தான். “நிலானிக்கிளி, இஞ்ச பார். தேங்காயெண்ணெய் இந்தக் குளிருக்க என்ன செய்யும்?”

“கட்டியாகும்.”

“அதான். எஞ்சினுக்கு அடியில ஒரு பம்ப் இருக்கு. அதுதான் ஒயில உறிஞ்சி மேல தள்ளுற. தள்ளுற அழுத்தம் வந்தாத்தான் லைட் நூரும், ஓஃப் ஆகும். இது கட்டிபட்டுக் கிடந்தா பம்ப் எதை உறிஞ்சிற? மேல எல்லாம் காய்ஞ்சுபோய் இரும்போட இரும்பு உராய்ஞ்சுகொண்டு ஓடும். போத்தல்ல ரெண்டு நம்பர். பெரிய நம்பரத்தான் எல்லாரும் பாக்கிற. இந்த நாட்டில சின்ன நம்பர்தான் உயிர். அது குளிருக்க எப்பிடி ஓடுமெண்டு சொல்லுற.”

பிறகு எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிப்பு இல்லை. “ஆனா அண்ணே, நான் ரெண்டு தரம் கேட்டனே. லைட் நிக்குதா எண்டு. நீங்க நிக்குது எண்டுதானே சொன்னீங்க?”

“நிண்டுதுதான். நிண்ட நிலையிலேயே நிண்டுது. எரிஞ்சுகொண்டு.”

“எரிஞ்சுகொண்டா? நிக்குது எண்டா நூந்துட்டுது எண்டெல்லா நான் எடுத்தன்!”

யோகம் சிரிக்கத் தொடங்கினாள். விளங்கிவிட்டது. ஓட்டமாவடிக் கராஜில் வளர்ந்தவனுக்கு ஒழுக்கு நிக்கும், சத்தம் நிக்கும், புகை நிக்கும், நின்றால் சுகம். கூட்டுறவுச் சங்கத்து இலிகிதனுக்குக் கோப்பு நிக்கும், கடிதம் நிக்கும், சம்பள உயர்வு நிக்கும், நின்றால் நாசம். ஒரே ஊர், ஒரே சொல், அவன் காதில் நல்ல செய்தி, என் வாயில் கெட்ட செய்தி.

“நான்தான் நூந்துதா எண்டு கேட்டிருக்கவேணும். என்ட பிழை அண்ணே” என்றான் குணம்.

பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை. பழி முழுவதையும் ஒரு சொல் சுமந்துகொண்டு போகத் தயாராக நின்றது. அவன் தன் பிழை என்று ஒப்புக்கொண்டாயிற்று. யோகம் சிரித்தாயிற்று. நான் தலையைச் சொறிந்து ‘சரி, நடந்தது நடந்துபோச்சு’ என்றால் முடிந்தது கதை.

அப்போது நிலானி என்னைப் பார்த்தாள். புத்தகத்தை வாசித்துக் காட்டி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்த பிள்ளை. அவளுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டோர்ச்சை மற்றக் கைக்கு மாற்றினாள், பனியைப் பார்த்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இதைத் தாங்கமுடியவில்லை.

“சொல்லில பிழை இல்ல. எனக்குத் தெரியும்” என்றேன். “செவ்வாய்க்கிழமையே புள்ள வாசிச்சுக் காட்டினவ. ஓடக்கூடாது எண்டு தெரிஞ்சுதான் ஓடினன்.”

“என்னத்துக்கு?” என்றாள் யோகம். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்திருந்தது.

“குணம் ஒரு தரமாவது பிழை விட்டதை நீ பாக்கவேணும் எண்டு.”

அவள் உள்ளே போனாள். நிலானியும் டோர்ச்சை என் கையில் தந்துவிட்டுப் பின்னால் போனாள். குணம் புது வடிகட்டியின் விளிம்பில் விரலால் ஒயில் பூசிக்கொண்டிருந்தான். நெடுநேரம் பூசினான்.

“அண்ணே” என்றான் கடைசியில். “நான் பிழை விடுறதப் பாக்க ஒரு எஞ்சினையே குடுக்கத் துணிஞ்சிருக்கிறீங்க. இண்டுவரைக்கும் எனக்கு ஆரும் இவ்வளவு மரியாத செய்ததில்ல. டோர்ச்ச இஞ்சால பிடியுங்க.”

பிடித்தேன். அவனை வெறுப்பதற்கு அவன் ஒரு வழியும் விடுகிறான் இல்லை. அதுவும் எனக்குப் பொறாமை.

7

ஞாயிற்றுக்கிழமை யோகம் என்னோடு உப்பு, சீனி அளவுக்குத்தான் கதைத்தாள். ஆனால் அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். கார் ஓடப் பழகுவதற்கான அனுமதிச் சீட்டு அவளிடம் ஒரு வருடமாக இருந்தது. நான் பழக்குகிறேன், பழக்குகிறேன் என்று நாள் கடத்தியிருந்தேன். அன்று முழுவதும் குணம் அவளை வெறுமையாகக் கிடந்த பாடசாலைத் தரிப்பிடத்தில் ஓடவைத்தான். அவர்கள் இருவரும் முன்னால். நானும் நிலானியும் பின்னால்.

“கிளச்ச மெல்ல விடுங்க மச்சாள். அதுக்கும் நோகும்.”

“நோகட்டும் மச்சான். எல்லாருக்கும் நோகுதுதானே.”

பின்னேரம் அவன் பஸ் ஏறும்போது நிலானி, “போயிட்டு வாங்க சித்தப்பா” என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. முந்திய வெள்ளியைப் போலவே குளிர். பெயர் வெட்டப்படுவதற்கும் யோகத்துக்கும் இடையில் இப்போது ஒரு நாள் கூட இல்லை. எஞ்சின் தப்பியதா இல்லையா என்று அப்படியொரு குளிரில் உறையக் கிடந்து எழும்பும்போதுதான் தெரியும் என்று குணம் சொல்லிப் போயிருந்தான். அவள் நேரே ஓட்டுநர் பக்கம் போய் ஏறினாள். அனுமதிச் சீட்டுக்காரர் பக்கத்தில் முழு உரிமம் உள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் தயவில் நானும் ஏறினேன்.

திறப்பைத் திருப்பினாள். குவளை எரிந்தது. எஞ்சின் இருமிப் பிடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றைத் தொடங்குமுன் குவளை அணைந்துவிட்டது. அடியில் மெல்லிய தட்டல் ஒன்று மிச்சம் இருந்தது. அது இனிப் போகாது. நான் செய்த வேலையின் கையொப்பம்.

அவள் கியரைப் போடவில்லை. கண்ணாடியில் பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்டு கேக்கட்டா?”

“கேள்.”

“குணம் மச்சான்ட பேர் வந்தா நீங்க எழும்பி அங்கால போவீங்க. எத்தின வருசமா. நான் நினைச்சன், எங்கட ஆக்கள உங்களுக்குப் பிடிக்கல்ல, எங்கட வீட்டுக்கு வந்ததே பிழையெண்டு நினைக்கிறீங்க எண்டு.”

“அப்பிடியில்ல.”

“அப்ப பொறாமையா?”

“ஓம்.”

“முழுக்கவா?”

“முழுக்க.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று தோளைச் சுருக்கினேன். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இவ்வளவு காலமும் வீணா அழுதிருக்கமாட்டன்” என்றாள். பிறகு கியரைப் போட்டாள். “இனி மறுகா இந்த எஞ்சினில கை வெச்சீங்களெண்டா, நீங்க வேலைக்கு நடந்துதான் போவீங்க.”

வழி முழுக்க என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். கொஞ்சம் கோணல், ஆனாலும் நிறுத்தினாள். இறங்கிக் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலில் நீலச் சட்டை போட்ட உயரமான ஒருவன் அவளைக் கண்டதும் சிரித்து, கதவைத் திறந்து பிடித்தான். அவளும் சிரித்து ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னேரம் அவளை ஏற்றப் போனபோது, யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. நாளைக்கு எப்படியோ தெரியாது.